திருத்தாத இடது கண்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

1. அச்சகத்தில் காலண்டர் அடிக்கும் சீசன் நடுவில், என் இடது மேல் இமை கருவிழியைப் பாதி மறைக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது.
2. கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்கள். இமை இறங்கினபடியே இருந்தது.
3. விருதுநகரில் கண் மருத்துவர், இது எப்போதிலிருந்து என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு "இந்த வருசந்தான்" என்றாள். அதற்குச் சாட்சியாக வீட்டு ஆல்பத்தையும் காட்டினாள்.
4. ஆல்பத்தை நம்பி, எனக்கு இல்லாத நோய் ஒன்றைத் தேடினார்கள். அதற்கு மாத்திரையும் கொடுத்தார்கள்.
5. ஆல்பம் பொய் என்று நான் கண்டுபிடித்தேன்.
6. அறுவை சிகிச்சை நடந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு ஐந்தாவதுதான் காரணம். இமை இறங்கிய வேறு பெண்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் வீட்டிலும் ஒரு ஆல்பம் இருக்கும்.

என் பெயர் மாரீஸ்வரி. அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தேன். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், மெஷினிலிருந்து வரும் தாளைப் பார்த்து நிறமும் பொருத்தமும் சரி என்று ஓகே போடுவது என் வேலை. நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியாக விழ வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் முருகனுக்கு ரெண்டு மூக்குத் தெரியும். இமை இறங்கியபின் தாளின் மேல் ஓரத்தைப் பார்க்க நான் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. மெஷின்காரர்கள் "என்ன மாரி, மேனேஜர் ஆயிட்டியா? ஒரு தினுசாத் தலைய நிமித்திப் பாக்க?" என்று சிரித்தார்கள். சாயங்காலம் ஆனால் நெற்றி வலித்தது. இமையைத் தூக்கும் தசையால் முடியாத வேலையைப் புருவம் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது.

சிவகாசிக்காரிக்கு முகத்தில் ஏதாவது என்றால் உலகத்துக்கு ஒரே கேள்விதான். விருதுநகர் மருத்துவமனையின் காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்கா, ஊர்ப் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"வெடியா?"

"இல்லக்கா."

"கம்பெனில சொல்லக்கூடாதுன்னாகளா?"

"நான் காலண்டர் அடிக்கிற கம்பெனிக்கா."

"அதுல எப்படி வெடிச்சுது?"

அப்பாவின் வேலை நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் லோடு ஏற்றி அனுப்புவது. இதைச் சொன்னால் அந்த அக்காவின் கதை முழுமையாகிவிடும் என்பதால் சொல்லவில்லை.

இமைக் கோளாறுகளுக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் அங்கே இருந்தார். நடுத்தர வயதுப் பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். அவர் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் போகும்போது பயப்படாமல் இருக்கலாம். முதலில் என் கண்ணில் சின்ன டார்ச் அடித்தார். அந்த வெளிச்சம் கருவிழியில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்கும் மேல் இமையின் விளிம்புக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தார். வலதில் நான்கு மில்லிமீட்டர், இடதில் ஒன்று. அடுத்து, புருவம் உதவிக்கு வராதபடி கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டு, தரையைப் பார், கூரையைப் பார் என்றார். இமை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதுதான் தசையின் பலம். என் இடது இமை ஏழு மில்லிமீட்டர்தான் ஏறியது. வலது இமை அதைப்போல் இரண்டு மடங்கு.

பிறகு தரையைப் பார்க்கச் சொல்லி, ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"கீழ பார்க்கும்போது இடது இமை இறங்காம நிக்குது. பிறவியிலேயே அந்தத் தசை சரியா வளரலேன்னாதான் பொதுவா இப்படி நிக்கும். அது விரியவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. சின்ன வயசுல இருந்தே இருக்கா?"

"இந்த வருசந்தான் டாக்டரம்மா," என்றாள் அம்மா. "ராவும் பகலும் கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டிருந்தா கண்ணு என்னத்துக்காகும்? போன தீவாளிக்குக் கூட நல்லாத்தான் இருந்தா."

எனக்கு வேலை கம்ப்யூட்டரில் இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா பையிலிருந்து ஆல்பத்தை எடுத்துவிட்டாள். காது குத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, சடங்கு, டிப்ளமோ பட்டமளிப்பு. எல்லாவற்றிலும் என் இரண்டு கண்களும் ஒரே அளவில் அகலமாகத் திறந்திருந்தன.

நீங்கள் கேட்கலாம்: சொந்தக் கண்ணைப் பற்றி உனக்கே தெரியாதா? சின்ன வயதில் கண்ணாடியில் இடது கண் கொஞ்சம் சோம்பலாகத் தெரிந்த ஞாபகம் எனக்கு உண்டு. ஆனால் ஆல்பத்தில் அது இல்லை. ஞாபகமா ஆல்பமா என்றால் ஆல்பத்தைத்தான் நான் நம்புவேன், அச்சில் வந்ததை நம்பித்தான் எனக்குச் சம்பளம். இந்த சீசனில் இமை இன்னும் இறங்கியது உண்மை. அதனால் அம்மா சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

டாக்டர் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"பரிசோதனை பழசுன்னு சொல்லுது. போட்டோ புதுசுன்னு சொல்லுது. புதுசா இறங்குற இமைய நான் சும்மா விட முடியாதும்மா."

காரணத்தையும் விளக்கினார். பிறவித் தொய்வு என்றால் அது தசையோடு நின்றுவிடும் சங்கதி. அந்தத் தசையைச் சுருக்கித் தைத்தால் போதும். பெரியவளான பிறகு திடீரென்று இறங்கினால் வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மயஸ்தீனியா. நரம்பு கொடுக்கும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமல், உடம்பே குறுக்கே நின்று தடுத்துவிடும் நோய் அது. சிலருக்கு இமையில் தொடங்கி, விழுங்குவது, மூச்சு விடுவது வரைக்கும் போகும். அது இருந்தால் கத்தி வைக்கக்கூடாது, மாத்திரையில்தான் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே எப்போதிலிருந்து என்ற கேள்விக்கான பதிலில்தான் என் மொத்த சிகிச்சையும் தொங்கிக்கொண்டிருந்தது.

கையுறைக்குள் ஐஸ் போட்டு முடிச்சிட்டு மூடிய இமைமேல் வைத்தார்கள். குளிர்ச்சியில் இமை ஏறினால் மயஸ்தீனியா என்று சந்தேகப்படலாம். என் இமை ஏறியது, ஆனால் அரை மில்லிமீட்டர்தான். "ஆமான்னும் சொல்ல முடியல, இல்லேன்னும் சொல்ல முடியல," என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். முகத்தில் கம்பி ஒட்டிச் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, தசை சோர்கிறதா என்று பார்த்தார்கள். தேனீ ஒன்று பொறுமையாக, ஒரே இடத்தில் கொட்டுவது போல இருந்தது. மாத்திரை கொடுத்துக் கவனிக்க வார்டில் சேர்த்தார்கள். நெஞ்சுக்குள் மயஸ்தீனியாவோடு சேர்ந்து வரக்கூடிய கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனும் எழுதினார்கள்.

மாத்திரை வயிற்றைப் பிசைந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இமை எழும்பவே இல்லை. படுத்தபடி நான் என் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். விழுங்கும்போதெல்லாம் சரியாக விழுங்கினேனா என்று யோசித்தேன். பயம் என்னவெல்லாம் செய்யும் என்று கேட்டால் இதைச் சொல்வேன்: சோறு சாப்பிடுவதே எனக்கு ஒரு பரிசோதனையாகிவிட்டது.

அப்பா ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்தார். தன் இடது இமையை விரலால் பாதிக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தார். ஒரு கட்டிலில் இடித்துக்கொண்டார்.

"இதோடயா புள்ள அம்புட்டுத் தாளையும் பாத்த?" என்றார்.

வார்டு நர்ஸ் ஜெபா சிஸ்டர், "அண்ணாச்சி, இங்கன ஒரு கேஸ் போதும், நீங்களும் அட்மிட் ஆயிராதீக," என்று அவரை உட்கார வைத்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் அம்மாவும் காத்திருந்தோம். ஆல்பம் அவள் மடியில் இருந்தது. பொழுது போகாமல் வாங்கிப் புரட்டினேன். வீட்டு ஆல்பத்தை வேலைக் கண்ணோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. காது குத்துப் படத்தில் அம்மா மடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து விழுகிறது. அம்மாவின் இரண்டு கருவிழியிலும் அந்த ஜன்னல் ஒரே பக்கம் மின்னுகிறது. எனக்கு ஒரு கண்ணில் இந்தப் பக்கம், இன்னொரு கண்ணில் அந்தப் பக்கம்.

ஒரு ஜன்னல் அப்படி மின்ன முடியாது. வலது கண்ணைக் காப்பி எடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண் இருந்த இடத்தில் ஒட்டினால்தான் அப்படி வரும்.

ஆண்டு விழாப் படத்தை எடுத்தேன். அதிலும் அப்படியே. சடங்குப் படம், பட்டமளிப்பு, எல்லாமே. அந்த ஆல்பம் முழுக்க எனக்கு இடது கண்ணே கிடையாது.

யார் செய்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா மகன் பால்பாண்டி அண்ணன் சிவகாசியில் டிசைன் கடை வைத்திருக்கிறார். கல்யாண ஃப்ளெக்ஸ், கட்சி போஸ்டர், சாமி காலண்டர் எல்லாம் அங்கே வரும். மாப்பிள்ளை கண் மூடியிருந்தால் திறந்துவிடுவார், தலைவருக்கு முடி வைப்பார். எங்கள் பழைய ஆல்பத்தில் ஈரம் ஏறிப் படங்கள் ஒட்டிக்கொண்டபோது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து புது ஆல்பமாகப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டோம்.

"அம்மா, எனக்கு எப்ப இருந்து இப்படி?"

"அதான் சொன்னேன்ல, இந்த வருசம்."

"பாண்டி அண்ணன் என் கண்ணத் திருத்திருக்காக. எல்லாப் படத்துலயும்."

அம்மா ஸ்கேன் அறைக் கதவையே பார்த்தாள்.

"பால் குடிக்கிற வயசுலயே அந்தக் கண்ணு பாதிதான் தெறக்கும்," என்றாள் கடைசியில். "நான்தான் பாண்டிகிட்டச் சரி பண்ணச் சொன்னேன். பொம்பளப் பிள்ள போட்டோ. நாலு பேரு கையில போகும்ல?"

"டாக்டர்ட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"பிறவின்னு எழுதிட்டா அம்புட்டுத்தான் புள்ள. சாத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வாரோம்னு சொல்லிருக்காக. வந்த சீக்குன்னா போயிரும்னு இருப்பாக. பிறவின்னா, நாளைக்குப் பிள்ளைக்கும் வருமான்னு கேப்பாக. யாரு பதில் சொல்ல?"

"நான் சொல்லுதேன். இப்ப இந்த மாத்திரை, இந்த ஊசி, இந்த ஸ்கேன் எல்லாம் எதுக்குன்னு நெனைக்க? உன் ஆல்பத்துக்கு வைத்தியம் பாக்காக. எனக்கு இல்ல."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய், ஸ்கேன் வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பில் போட்டாச்சும்மா," என்றார் அங்கே இருந்தவர்.

"போட்டத எடுங்க."

அவர் ஜெபா சிஸ்டரைக் கூப்பிட்டார். ஜெபா சிஸ்டர் வந்து, காது குத்துப் படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கி நான் காட்டியதைப் பார்த்துவிட்டு, "ஏயப்பா, இதென்ன போலீஸ் கேஸு மாதிரி," என்று என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் படத்தை இருமுறை பார்த்தார். ஸ்கேனை நிறுத்திவைத்தார். "உங்க வார்த்தை போதாது. திருத்தாத படம் ஒண்ணாவது வேணும்," என்றார்.

மறுநாள் பால்பாண்டி அண்ணன் ஹார்ட் டிஸ்க்கோடும் லேப்டாப்போடும் வந்து இறங்கினார். ஒவ்வொரு படத்திலும் திருத்தத்தை அடியில் உள்ள படத்தோடு சேர்க்காமல் தனி அடுக்காக வைத்திருந்தார். தொழில் பழக்கம். எந்த ஆர்டரையும் பார்ட்டி திரும்பி வந்து மாற்றச் சொல்லுவான் என்பதால் அவர் எதையும் அழிப்பதில்லை. என் கண் இருந்த அடுக்குக்கு "மாரி கண் ஓகே" என்று பெயர் வைத்திருந்தார். அதை அணைத்ததும், காது குத்துப் படத்தில் ஒரு குழந்தை ஒன்றரைக் கண்ணால் உலகத்தை முறைத்துப் பார்த்தது.

அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். அழவில்லை. பிடித்திருந்தது.

"இதுதான் எனக்கு வேணும்," என்றார் டாக்டர். "எல்லாருக்கும் இப்படியா பண்ணுவீங்க?"

"கேக்காட்டியும் பண்ணிருவோம் மேடம். பாவம், நல்லா இருக்கட்டுமேன்னு."

"என் பேஷன்ட்டுக்குப் பண்ணாதீங்க."

அண்ணன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுக்குத்தான் மாரி பண்ணேன்."

"தெரியும்ண்ணே. இனிமே என்னத் தொடாதீக. என் படத்தச் சொன்னேன்."

ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. மயஸ்தீனியாவுக்கான அடையாளம் எதுவும் இல்லை. மின்சாரச் சோதனையும் சரியாகவே இருந்தது. மாத்திரையை நிறுத்தினார்கள். டாக்டர் முழுசாக விளக்கினார்: பிறவியிலேயே பலம் குறைந்த தசை. அதன்மேல், சீசன் நேரத்தில் தூக்கம் கெட்டு நான் கண்ணைக் கசக்கிக் கசக்கி, இமையைத் தசையோடு பிடித்திருக்கும் மெல்லிய பட்டையும் நெகிழ்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததால் பார்வையை மறைக்கிறது. தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கி, இமைக்குள் இருக்கும் கெட்டியான தகட்டில் தைக்கலாம்.

அறுவைக்கு முந்தின நாள் சாத்தூரிலிருந்து போன் வந்தது. அம்மா பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா.

"கண்ணுல தூசின்னாக, ஆஸ்பத்திரில வச்சிருக்காகளா?"

"தூசி இல்லம்மா. பிறந்ததுல இருந்தே இடது இமை தூக்காது. நாளைக்கு ஆபரேஷன்."

"பிள்ளைகளுக்கும் வருமோ?"

"சில குடும்பத்துல வரும், நெறையப் பேருக்கு வராது. டாக்டர்ட்ட கேட்டேன். வந்து பார்வைய மறைச்சா சின்னதுலயே சரி பண்ணணும், இல்லாட்டி அந்தக் கண்ணு பாக்கப் பழகாமப் போயிரும். மறைச்சு வைக்கிற வீட்டுலதான் அப்படி ஆகும். நாங்க மறைக்க மாட்டோம்."

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் அறுவைக்கு முன் இன்னொரு டாக்டர் வந்து எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். எப்போதிலிருந்து என்றதும் நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்: "பிறந்ததுல இருந்தே. ஆறு மாசக் கைப்பிள்ளையில நான் பாத்திருக்கேன். எழுதிக்கோங்க."

பெரியவர்களுக்கு இந்த அறுவையை மயக்கம் கொடுக்காமல், இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ணுவார்கள். ஊசி எரிந்தது. அதற்குப் பிறகு இழுப்பது மட்டும் தெரிந்தது, வலி தெரியவில்லை. நான் விழித்திருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தற்காலிகமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, டாக்டர் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார். நேராகப் பாருங்கள், மேலே பாருங்கள், மூடுங்கள் என்றார். அளந்தார். படுக்க வைத்து முடிச்சை மாற்றினார். மறுபடி உட்காரச் சொன்னார். எங்கள் மெஷினிலும் இப்படித்தான்: ஒரு தாள் ஓட்டு, பார், திருகு, இன்னொரு தாள் ஓட்டு.

மூன்றாவது தடவை ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் தாழ்வா இருக்கே மேடம்."

"இருக்கு. இன்னும் ஏத்த முடியும். ஏத்தினா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், போட்டோவுக்கு நல்லாருக்கும். ஆனா இந்தத் தசை விரியாது. தூக்கத்துல கண்ணு மூடாம நின்னா கருவிழி காஞ்சு புண்ணாகும். எனக்கு இந்த இடம் போதும்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். "இங்கனயே முடிச்சப் போடுங்க."

அடுத்து வந்த நாட்களில் இமை இட்லி போல வீங்கியது. ஐஸ் ஒத்தடம், சொட்டு மருந்து, தூங்கும்போது ஜெல். தூக்கத்தில் கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஜெபா சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மத்தியானம் நான் தூங்கி எழுந்தால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு அரிசி அளவுக்குத் தெறந்திருக்கு."

"என்ன அரிசி? இட்லி அரிசியா, சாப்பாட்டு அரிசியா?"

"சீரகச் சம்பா. கண்ண மூடு, மருந்து போடணும்."

இருபத்து மூன்று வருடமாக அந்தக் கண்ணை நேராகப் பார்க்காதவள், இப்போது மூக்கு இடிக்கும் தூரத்தில் குனிந்து பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் பட்டதையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இது பெரிது.

வேலைக்குத் திரும்பிய அன்று பால்பாண்டி அண்ணன் போன் செய்தார். ஜாதகத்தோடு கொடுக்கப் புதுப்படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்தோம். என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முகப்பருவைக்கூட எடுக்க விடவில்லை. அவருக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. "அந்த மூலையில ஒரு நிழல மட்டுமாவது," என்றார். "மவுஸக் கீழ வைங்கண்ணே," என்றேன்.

இப்போதைய நிலை இது. இடது இமை வலதைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கருவிழி மறையவில்லை, நெற்றி வலி இல்லை, தாடையைத் தூக்காமல் முழுத் தாளையும் பார்க்கிறேன். தரையைப் பார்க்கும்போது இடது கண்ணின் வெள்ளை கூடுதலாகத் தெரியும், அது மாறாது. தூங்கும்போது சின்ன இடைவெளி இருப்பதால் ஜெல் போட்டுக்கொள்கிறேன். கருவிழியில் வறட்சி எதுவும் இல்லை. அந்த ஒரு மில்லிமீட்டரை ஏற்ற இன்னொரு அறுவை செய்துகொள்ளலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.